சர்வர் சிப்பில் எல்லா கோரும் சமமா? முன்னுரிமை அவசியம்தான், ஆனால் வரிசையைப் போடுவது யார்?

ஸ்மார்ட்போன் விளம்பரங்களில் ‘ஆக்டா கோர் ப்ராசசர்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எட்டு கோர்கள் என்று அர்த்தம். ஆனால், பெரும்பாலான போன்களில் அந்த எட்டும் ஒரே மாதிரி இருக்காது. நோட்டிஃபிகேஷன் வருவது, பின்னணியில் பாட்டு ஓடுவது மாதிரியான சின்ன வேலைகளைச் சிறிய கோர்கள் பார்த்துக்கொள்ளும். கேம் திறந்தால்தான் பெரிய கோர்கள் களமிறங்கும். ஏஆர்எம் நிறுவனம் ‘பிக்.லிட்டில்’ என்ற பெயரில் 2011-ல் அறிவித்த ஏற்பாடு இது. பேட்டரி நாள் முழுக்கத் தாங்குவதற்கு இந்தப் பாகுபாடும் ஒரு முக்கியக் காரணம்.

அதே போனில் இருந்து பணம் அனுப்பினாலோ, டிக்கெட் போட்டாலோ, ஏஐ சாட்பாட்டிடம் கேள்வி கேட்டாலோ வேலை நடப்பது எங்கோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கும் சர்வரில். அங்கே இருக்கும் சிப்பில் 20, 64, 192 என்று கோர்கள் அடுக்கப்பட்டிருக்கும். ரொம்ப காலமாக அங்கே எழுதப்படாத விதி ஒன்றுதான்: எல்லா கோரும் சமம், எல்லோருக்கும் ஒரே வேகம்.

இந்த விதி இப்போது மாறிவருகிறது. எந்த கோருக்கு அதிக வேகம், எந்த கோர் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சிப்பிடமே சொல்லும் வசதி வந்துவிட்டது. இது தேவையான மாற்றம். ஆனால் அந்த முன்னுரிமை வரிசையை யார் போடுவது என்ற கேள்விக்குப் பல இடங்களில் பதிலே இல்லை. தொழிற்சாலையில் இருந்து வந்த செட்டிங் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. பிரச்சினை அங்கேதான்.

எல்லா கோரும் முழு வேகத்தில் ஓடினால் என்ன?

முடியாது என்பதுதான் பதில். காரணம் மின்சாரம், அதோடு சேர்ந்து வரும் சூடு.

ஒரு வீட்டுக்கு இத்தனை கிலோவாட் என்று மின் இணைப்பு கொடுத்திருப்பார்கள். ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டால் ட்ரிப் ஆகிவிடும். சிப்புக்கும் அப்படி ஒரு வரம்பு உண்டு. 125 வாட், 350 வாட், 500 வாட் என்று சிப்புக்கு ஏற்ப மாறும். வரம்பைத் தொட்டதும் சிப் ட்ரிப் ஆகாது. தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. கோர் வேலை செய்ய எடுக்கும் மின்சாரம், அதன் கிளாக் வேகத்தைப் பொறுத்தது. மின்னழுத்தத்தின் இருமடியையும் பொறுத்தது. வேகத்தைக் கூட்ட வேண்டும் என்றால் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். இரண்டும் சேர்வதால், வேகம் இரண்டு மடங்கானால் மின்சாரம் இரண்டு மடங்கோடு நிற்காது. தோராயமாக எட்டு மடங்கு வரை போகும். கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் விலை ரொம்ப அதிகம்.

முன்பெல்லாம் இந்தக் கவலை இல்லை. டிரான்சிஸ்டர் சிறிதாகச் சிறிதாக மின்னழுத்தமும் குறைந்துகொண்டே வந்தது. ஐபிஎம் பொறியாளர் ராபர்ட் டென்னார்ட் 1974-ல் விளக்கிய இந்தப் போக்கு, 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நின்றுபோனது. அதன் பிறகுதான் வேகத்தைக் கூட்டுவதை விட்டுவிட்டு, கோர் எண்ணிக்கையைக் கூட்டும் போட்டி தொடங்கியது. கோர்கள் பெருகின, அவற்றுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டிய மின்சாரம் அதே விகிதத்தில் பெருகவில்லை. அப்படியென்றால் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி வந்துதானே ஆக வேண்டும்?

20 கோர்கள், ஒரு சின்னக் கணக்கு

இதற்கு நல்ல உதாரணம், இன்டெல் 2019-ல் ‘ஸ்பீட் செலக்ட்’ என்ற தொழில்நுட்பத்தோடு கொண்டுவந்த ஜியான் கோல்டு 6230என் என்ற சர்வர் சிப். 20 கோர்கள், 125 வாட். வழக்கமான முறையில் 20 கோர்களுக்கும் அடிப்படை வேகம் 2.3 கிகாஹெர்ட்ஸ். முன்னுரிமை முறைக்கு மாற்றினால், 6 கோர்களுக்கு 2.7 கிகாஹெர்ட்ஸ் கிடைக்கும். மீதி 14 கோர்கள் 2.1-க்கு இறங்கிவிடும். வாட் வரம்பு மாறாது.

கூட்டிப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். சமமாக ஓடும்போது மொத்த வேகம் 46 கிகாஹெர்ட்ஸ். முன்னுரிமை கொடுத்த பிறகு 45.6. அதாவது மொத்தத்தில் கொஞ்சம் நஷ்டம்!

ஏன் நஷ்டம் என்பதற்கும் மேலே சொன்ன கணக்கே பதில். 6 கோர்களின் வேகம் 17 சதவீதம் கூடுகிறது. அதற்கு அவை எடுக்கும் மின்சாரம், தோராயக் கணக்கில், 60 சதவீதத்துக்கும் மேல் கூடும். 14 கோர்களின் வேகம் 9 சதவீதம்தான் குறைகிறது. ஆனால் அவற்றின் மின்சாரம் கிட்டத்தட்ட கால்பங்கு குறையும். பதினான்கு பேர் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்ததில் ஆறு பேருக்குப் பெரிய உதவி கிடைக்கிறது.

சரி, மொத்தத்தில் நஷ்டம் என்றால் இதை ஏன் செய்ய வேண்டும்? ஏனென்றால் சர்வரில் எல்லா வேலையும் ஒரே மாதிரி இல்லை. இந்த சிப் குறிவைத்தது டெலிகாம், நெட்வொர்க் வேலைகளை. அங்கே ஒன்றிரண்டு கோர்கள் வந்து குவியும் டேட்டா பாக்கெட்டுகளைப் பிரித்து மற்ற கோர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். பிரிக்கும் கோர் திணறினால் மற்றவை எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை. கல்யாணப் பந்தியில் பரிமாற இருபது பேர் நின்றாலும், அடுப்படியில் சாம்பாரை வாளியில் ஊற்றித் தருபவர் ஒருவராக இருந்தால் பந்தியின் வேகம் அவர் கையில்தான்.

வரிசை எப்படி அமலாகிறது?

சர்வரில் இது போனைப் போலச் சிறிய கோர், பெரிய கோர் கதை இல்லை. இன்டெல் தன் ஜியான் 6 வரிசையில் இரண்டு வகை கோர்களையும் வைத்திருக்கிறது. ஆனால் தனித்தனி சிப்களாக. ஒரு சிப்புக்குள் கலப்பதில்லை. ஆகவே சர்வரில் முன்னுரிமை என்பது ஒரே மாதிரி கோர்களுக்குள் மின்சாரத்தைப் பங்கிடும் விஷயம்.

ஸ்பீட் செலக்டில் இதற்குப் பல வழிகள் உண்டு. ஒரு வழி, மேலே பார்த்த அடிப்படை வேக மாற்றம். இன்னொரு வழியில் கோர்களை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கலாம். மின்சாரம் பற்றாக்குறை வரும்போது மேல் வகுப்புக்குக் கொடுத்தது போக மிச்சம்தான் கீழே என்று கறாராகவும் வைக்கலாம். ஒவ்வொரு வகுப்புக்கும் இவ்வளவு பங்கு என்று விகிதம் போட்டும் பிரிக்கலாம். மூன்றாவது வழி டர்போ வேகம் தொடர்பானது. பெரும்பாலான கோர்களின் உச்ச வேகத்தைக் கட்டுப்படுத்தி, சில கோர்களை வழக்கமான உச்சத்துக்கும் மேலே போக விடுவது. லினக்ஸில் இவற்றை இயக்குவதற்கான கருவி 2019-ல் 5.3 பதிப்பிலேயே வந்துவிட்டது.

இயற்கையாக அமையும் முன்னுரிமையும் ஒன்று இருக்கிறது. ஒரே சிப்பில் உருவான கோர்களுக்குள்ளும் தயாரிப்பில் நுண்ணிய வித்தியாசங்கள் இருக்கும். சில கோர்கள் மற்றவற்றைவிட அதிக வேகம் தாங்கும். எவை அந்தக் கெட்டிக்கார கோர்கள் என்று சிப்பே ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குச் சொல்லிவிடும். ஏஎம்டி சிப்களுக்கான இந்த வசதி 2024-ல் லினக்ஸ் 6.9 பதிப்பில் சேர்ந்தது.

ஆக, கருவிகளுக்குப் பஞ்சமில்லை.

சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம்

‘எங்கள் சர்வர் சராசரியாக 10 மில்லி விநாடியில் பதில் தருகிறது’ என்று ஒரு நிறுவனம் பெருமையாகச் சொல்லலாம். பயனருக்குத் தெரிவது சராசரி கிடையாது. சுற்றிக்கொண்டே இருக்கும் அந்தச் சக்கரம்தான்.

கூகுள் பொறியாளர்கள் ஜெஃப் டீனும் லூயிஸ் ஆந்த்ரே பரோசோவும் 2013-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைப் பளிச்சென்று காட்டினார்கள். ஒரு சர்வர் நூற்றுக்கு ஒரு முறைதான் ஒரு விநாடிக்கு மேல் தாமதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பயனரின் கோரிக்கைக்கு அப்படிப்பட்ட 100 சர்வர்களிடம் இருந்து பதில் வர வேண்டும் என்றால், 63 சதவீதக் கோரிக்கைகள் ஒரு விநாடிக்கு மேல் காத்திருக்கும். நூற்றில் ஒன்று என்ற அரிதான தாமதம், பாதிக்கு மேற்பட்டவர்களின் அனுபவமாக மாறிவிடுகிறது.

கோர் முன்னுரிமைக்கான வலுவான நியாயம் இதுதான். ஒரே சர்வரில் பயனர் காத்திருக்கும் பேமென்ட் வேலையும் இருக்கும். விடிவதற்குள் முடிந்தால் போதும் என்ற பேக்கப் வேலையும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே மரியாதை கொடுப்பது பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் பேக்கப் பத்து நிமிடம் தாமதமானால் யாருக்கும் தெரியாது. பேமென்ட் பத்து விநாடி தாமதமானால் பயனர் மறுபடியும் பட்டனை அழுத்துவார்.

ஜிபியு காத்திருந்தால் செலவு யாருக்கு?

ஏஐ வந்த பிறகு இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகியிருக்கிறது. என்விடியாவின் டிஜிஎக்ஸ் பி300 சர்வரை எடுத்துக்கொள்வோம். எட்டு ஜிபியுக்கள், மொத்தம் சுமார் 14 கிலோவாட் மின்சாரம். அந்த ஜிபியுக்களுக்கு டேட்டாவைத் தயார்செய்து கொடுத்து வேலை வாங்குவது இன்டெலின் ஜியான் 6776பி. ஒரு சிப் 350 வாட்.

இந்த சிப்பில் 64 கோர்கள். அடிப்படை வேகம் 2.3 கிகாஹெர்ட்ஸ். 2025 மே மாதம் இன்டெல் அறிவித்த ‘பிரயாரிட்டி கோர் டர்போ’ வசதியில், அதிகபட்சம் 8 கோர்கள் 4.6 கிகாஹெர்ட்ஸ் வரை போகலாம்; முன்னுரிமை குறைந்தவை அடிப்படை வேகத்திலேயே ஓடும். ஒரே சிப்புக்குள் ஒரு கோர் இன்னொன்றைவிட இரு மடங்கு வேகம்!

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? ஜிபியுவுக்கு அடுத்த வேலையை அனுப்பும் கோர் தாமதித்தால், பல ஆயிரம் வாட் எடுக்கும் ஜிபியுக்கள் சும்மா நிற்கும். சில நூறு வாட் சிப்பில் நடக்கும் பங்கீட்டுத் தவறு, 14 கிலோவாட் இயந்திரத்தையே வீணடிக்கும். ஏஎம்டி இதே தேவைக்கு வேறு வழியில் போனது. 2024 அக்டோபரில் வந்த அதன் எபிக் வரிசையில் 192 கோர் சிப்பும் உண்டு. 64 கோர்களோடு 5 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் 9575எஃப் சிப்பும் உண்டு. வேகமா, எண்ணிக்கையா என்பதை வாங்கும்போதே முடிவு செய்யச் சொல்கிறது ஏஎம்டி. வாங்கிய பிறகும் மாற்றிக்கொள்ளலாம் என்கிறது இன்டெல்.

அப்போ மின்சாரம் மிச்சமாகுமா?

இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. முன்னுரிமை கொடுத்தாலே கரன்ட் பில் குறைந்துவிடாது. 6230என் உதாரணத்தில் 125 வாட் வரம்பு அப்படியேதான் இருந்தது. அதே மின்சாரத்தில் முக்கியமான வேலை வேகமாக முடிந்தது, அவ்வளவுதான்.

மிச்சம் வேறு இடத்தில் வரும். கூகுளின் பரோசோவும் ஊர்ஸ் ஹோல்ஸ்லேவும் 2007-ல் சுட்டிக்காட்டிய விஷயம் இது: சர்வர்கள் பெரும்பாலான நேரம் 10 முதல் 50 சதவீதத் திறனில்தான் ஓடுகின்றன. ஆனால் எந்த வேலையும் இல்லாமல் நிற்கும்போதுகூட, அன்றைய நல்ல சர்வரே உச்சபட்ச மின்சாரத்தில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. இன்றைய சிப்கள் அதைவிட நன்றாகத் தூங்கக் கற்றிருக்கின்றன. பல நிறுவனங்களில் அவற்றைத் தூங்க விடுவதில்லை.

காரணம் பயம். ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும் ஒரு கோர் எழுந்து வேலையைத் தொடங்க நூறு மைக்ரோ விநாடிக்கு மேல் ஆகலாம். அந்தத் தாமதம் பேமென்ட் வேலையில் வந்துவிடக் கூடாதே என்று, பயாஸ் செட்டிங்கில் ‘அதிகபட்ச செயல்திறன்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். நான்கு கோர்களுக்குத் தேவையான அவசரம், 64 கோர்களுக்கும் சேர்த்துத் திணிக்கப்படுகிறது.

அவசர வேலைக்கான கோர்களைத் தனியாக ஒதுக்கி அவற்றை மட்டும் விழித்திருக்கச் செய்தால், மற்றவை நிம்மதியாக வேகத்தைக் குறைக்கலாம், தூங்கலாம். மின்சாரம் மிச்சமாவது அப்போதுதான். ஒரு சர்வரில் சில பத்து வாட் என்றால் அற்பமாகத் தெரியலாம். ஆனால் சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீட்டில், 2024-ல் உலக டேட்டா சென்டர்கள் எடுத்த மின்சாரம் சுமார் 415 டெராவாட் மணி. உலக மின் பயன்பாட்டில் ஏறத்தாழ 1.5 சதவீதம். 2030-ல் இது 945-ஐ நெருங்கும் என்கிறது அதே முகமை. 2021-லேயே டேட்டா சென்டர்களுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டு, அம்பத்தூர், சிறுசேரி என்று மையங்களை வளர்க்கும் தமிழகத்துக்கும் இது அந்நியமான கணக்கு இல்லை.

எதிர்வாதங்களும் இருக்கின்றன

முன்னுரிமையே வேண்டாம் என்பவர்களின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. முதல் வாதம், சிக்கல் கூடும் என்பது. எல்லா கோரும் சமம் என்றால் எந்த வேலை எங்கே ஓடினாலும் ஒரே பலன். வேகம் மாறுபட்டால், வேலையைத் தவறான கோரில் போட்டுவிட்டு ‘நேற்று வேகமாக இருந்ததே, இன்று ஏன் இல்லை?’ என்று பொறியாளர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இரண்டாவது, இன்னும் ஆழமானது. கீழ் வரிசையில் இருக்கும் வேலை, மேல் வரிசை வேலைக்குத் தேவையான ஒன்றைப் பூட்டி வைத்திருந்தால் என்ன ஆகும்? மேலே இருப்பது எவ்வளவு வேகமாக இருந்தும் காத்துக்கிடக்கும். 1997-ல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனது இதனால்தான். வானிலைத் தகவல் சேகரிக்கும் சாதாரண வேலை ஒன்று பூட்டிவைத்த வளத்துக்காக, மிக அவசர வேலை காத்துக்கொண்டிருந்தது. அங்கே பிரச்சினை கோர் வேகத்தில் வந்ததல்ல. வேலைகளின் வரிசையில் வந்தது. ஆனால் பாடம் ஒன்றே. மெதுவான கோரில் ஓடும் துணை வேலை, வேகமான கோரில் ஓடும் முக்கிய வேலையைப் பிடித்து இழுக்க முடியும்.

மூன்றாவது, மனித இயல்பு. முன்னுரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம் என்றால், எந்த டீமும் ‘எங்கள் வேலை அவ்வளவு முக்கியமில்லை’ என்று சொல்லாது. எல்லோரும் மேல் வகுப்பில் ஏறிவிட்டால் பழையபடி எல்லோரும் சமம்தான்.

இந்த மூன்றுமே உண்மையான ஆபத்துகள். ஆனால் இவற்றைக் காட்டி முன்னுரிமையைக் கைவிடுவது தீர்வாகாது. எந்த வேலை எதை நம்பியிருக்கிறது என்று தெரிந்தவர்கள் உட்கார்ந்து வரிசையைப் போட வேண்டும் என்பதற்கே இவை சாட்சி. மேல் வகுப்புக்கு இத்தனை கோர்கள்தான் என்று எண்ணிக்கையிலும் ஒரு கறாரான வரம்பு வேண்டும். இன்டெல்கூட 64-ல் 8-க்குத்தான் அந்த உச்ச வேகத்தைத் தருகிறது.

வாடகைக்கு எடுப்பவருக்குச் சொல்ல வேண்டாமா?

சொந்த சர்வர் வைத்திருப்பவருக்கு இந்தச் சுதந்திரம் உண்டு. இன்றைய ஸ்டார்ட்அப்களில் பலவும் கிளவுடில் வாடகைக்குத்தான் இருக்கின்றன. அங்கே விற்கப்படுவது ‘விசிபியு’ என்ற அலகு. இன்டெல் சிப் இருக்கும் பெரும்பாலான அமேசான் கிளவுட் சர்வர்களில் ஒரு விசிபியு என்பது ஒரு முழு கோர்கூட இல்லை. கோருக்குள் ஓடும் இரண்டு இழைகளில் ஒன்று. அமேசானின் சொந்த கிராவிட்டான் சிப்பில் அதே ஒரு விசிபியு ஒரு முழு கோர். பெயர் ஒன்று, பொருள் வேறு.

இதற்கு மேல் கோர்களுக்குள்ளும் மேல் வகுப்பு, கீழ் வகுப்பு வந்தால், வாடகைக்கு எடுத்தவருக்குக் கிடைப்பது எது? ஒரு கோருக்கு இவ்வளவு என்று லைசென்ஸ் கட்டணம் வாங்கும் டேட்டாபேஸ் மென்பொருள்கள் இருக்கின்றன. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் ஓர் உதாரணம். மெதுவான கோர் என்பதால் அங்கே லைசென்ஸ் விலை குறையாது. ஆகவே இது தொழில்நுட்ப ஆர்வலர்கள் மட்டும் பேச வேண்டிய விஷயம் இல்லை. மாதக் கடைசியில் பில் கட்டும் நிறுவனத்தின் பணம் இது.

வெளிப்படையாகச் சொல்ல முடியாதா என்றால், முடியும். அதற்கு அமேசானிடமே முன்மாதிரி இருக்கிறது. அதன் குறைந்த விலை டி3 மைக்ரோ சர்வரில் இரண்டு விசிபியுக்கள். ஒவ்வொன்றுக்கும் 10 சதவீதம்தான் நிரந்தர உரிமை. அதைவிடக் குறைவாகப் பயன்படுத்தினால் கிரெடிட் சேரும், தேவைப்படும்போது செலவழிக்கலாம். இந்த விதி ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கிறது. படித்துவிட்டு வாங்கலாம், வேண்டாம் என்றால் நகரலாம். கோர் முன்னுரிமைக்கும் எல்லா கிளவுட் நிறுவனங்களும் இதையே செய்ய வேண்டும்: இந்த வகை சர்வரில் மின் பற்றாக்குறை வந்தால் உங்கள் கோருக்கு உறுதியான குறைந்தபட்ச வேகம் இவ்வளவு என்று ஒரு வரி. அது போதும்.

டெவலப்பர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

எல்லோருக்கும் இது தேவையா? தேவையில்லை. நாளைக்குச் சில நூறு பேர் வரும் இணையதளம், பத்து சதவீதத் திறனில் ஓடும் சர்வர் என்றால் கோர் வகுப்புகளைத் தொடவே வேண்டாம். அங்கே சின்ன சர்வருக்கு மாறுவதுதான் பெரிய சேமிப்பு.

நெருக்கடியான சர்வர் என்றால், முதலில் அளக்க வேண்டும். சராசரியை விட்டுவிட்டு, நூறில் கடைசியாக வரும் அந்த ஒரு பதில் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு வேலைகளைப் பட்டியல் போட்டு, எதற்குப் பின்னால் மனிதர் காத்திருக்கிறார், எதற்குப் பின்னால் யாரும் இல்லை என்று பிரிக்க வேண்டும். ஒரே பூட்டைப் பகிரும் வேலைகளை ஒரே வகுப்பில் வைக்க வேண்டும். மாற்றியபின் திரும்ப அளக்க வேண்டும். வேகத்தை மட்டுமல்ல, வாட்டையும்.

இதில் சிப் நிறுவனம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். எந்த கோர் எவ்வளவு வேகம் தாங்கும் என்று அதற்குத் தெரியும். அந்த கோரில் ஓடுவது ஒருவரின் மருத்துவமனைக் கட்டணமா, பழைய லாக் ஃபைலைச் சுருக்கும் வேலையா என்று அதற்குத் தெரியாது. அது தெரிந்தவர்கள் அந்த மென்பொருளை எழுதியவர்கள். பயாஸ் திரையில் யாரோ எப்போதோ வைத்த செட்டிங்கை இன்றைக்கே ஒருமுறை திறந்து பார்ப்பதில் இருந்து அவர்கள் தொடங்கலாம்.